விருந்தாளி 1

பொம்மசந்திராவில் நான் வேலை பார்க்கும் கூடத்தில் ஐந்து கதவுகள் வரிசையாக நிற்கின்றன. சுவர் கிடையாது, அறை கிடையாது. மரச்சட்டத்தில் மாட்டிய வெறும் கதவுகள். ஒன்றைத் திறந்து அந்தப் பக்கம் போனால் அதே கூடம்தான். வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பும் பூட்டுகளை இந்தக் கதவுகளில் பொருத்தி, சரியாகத் திறக்கிறதா, மூடுகிறதா என்று பார்ப்பது என் வேலை. திருப்பத்தூரில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு பெங்களூருக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. அதில் கடைசி ஆறு வருஷம் இந்தக் கதவுகளோடுதான்.

எங்கள் பூட்டுக்குச் சாவி கிடையாது. விரலை வைத்தால் திறக்கும். போனிலிருந்தும் திறக்கலாம். வெளியிலிருந்து யார் விரல் வைத்துத் திறந்தார்கள், உள்ளிருந்து எத்தனை மணிக்குத் திறந்தது என்று ஒவ்வொரு தடவையும் போனுக்குச் செய்தி அனுப்பும். விளம்பரத்தில் இதைத்தான் பெரிதாகப் போடுவார்கள். சந்தாபுராவில் என் வீட்டில் இருப்பது சாதாரணப் பூட்டு. "உங்க கம்பெனிப் பூட்டு போடலையா?" என்று கேட்பவர்களிடம் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். உண்மையில் அதைப் பற்றி நான் பெரிதாக யோசித்ததே இல்லை. அந்த ஒரு பூட்டு மூன்றாவது முறையாகத் திரும்பி வரும்வரைக்கும்.

ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு எண் உண்டு. அதனால் அதே பூட்டுதான் என்பதில் சந்தேகமில்லை. காக்ஸ் டவுனில் ஒரு வீடு. புகார் மூன்று முறையும் ஒன்றேதான்: சில சமயம் திறப்பதில்லை. முதல் முறை வந்தபோது ஒரு நாள் முழுக்கத் திறந்து மூடிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. திருப்பி அனுப்பினோம். இரண்டாம் முறை விரல் வைக்கும் கண்ணாடியை மாற்றினேன், பேட்டரி இருக்கும் பகுதியை மாற்றினேன். அனுப்பினோம். மூன்றாம் முறையும் வந்துவிட்டது.

என்னை யோசிக்க வைத்தது புகார் இல்லை, பெட்டிக்குள் இருந்த சீட்டு. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாளில், வாத்தியார் எழுத்து மாதிரி அழகான தமிழில் இருந்தது. முதல் இரண்டு பெட்டிகளிலும் ஒவ்வொன்று இருந்தது. அப்போது நான் கவனிக்கவில்லை, ஃபைலில் சேர்த்து வைத்ததோடு சரி. இப்போது மூன்றையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

'அவசரம் இல்லை. நிதானமாகப் பார்த்து அனுப்பவும்.'

'நன்றாகச் சோதித்துப் பார்க்கவும். தாமதமானால் பரவாயில்லை.'

'இன்னும் சில நாள் உங்களிடமே வைத்துப் பார்க்கவும்.'

ஆறு வருஷத்தில் அவசரம் இல்லை என்று ஒரு வாடிக்கையாளரும் எனக்கு எழுதியதில்லை. எல்லோரும் திட்டித்தான் எழுதுவார்கள். வீட்டுக் கதவுப் பூட்டு பழுதானவர் எப்படி நிதானமாக இருக்க முடியும்?

எங்கள் சூப்பர்வைசர் தும்கூர்க்காரர். தமிழும் கன்னடமும் கலந்துதான் என்னோடு பேசுவார். அவரிடம் சீட்டுகளைக் காட்டினேன்.

"சார், இந்தப் பூட்டுல ஒண்ணும் இல்ல. அந்த வீட்டுலதான் என்னமோ இருக்கு. நானே போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

"நோடம்மா, உன் வேல இங்க கதவு தெறக்கறது. வீடு வீடா போறதுக்கு சர்வீஸ் பசங்க இருக்காங்க."

"மூணு தடவ அவங்கதான் போனாங்க."

கொஞ்ச நேரம் சீட்டுகளையே பார்த்தார். அவருக்குத் தமிழ் படிக்க வராது. நான் வாசித்துக் காட்டினேன். "அவசரம் இல்லையா?" என்று சிரித்துவிட்டு, "ஒரு நாள்தான். போய்ட்டு வா" என்றார்.

மறுநாள் காலை பூட்டைப் பையில் போட்டுக்கொண்டு மெட்ரோவில் ஏறி, இரண்டு இடத்தில் மாறி, கடைசியில் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு பழைய பெரிய வீடு. அதை மூன்றாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். நடுப் பகுதியில் அவர்கள் இருந்தார்கள். கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண். கதவைத் திறந்தது மனைவி. என்னைவிட நாலைந்து வயது இளையவள். வந்த கொஞ்ச நேரத்திலேயே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டதால் அவள் என்றே எழுதுகிறேன். முன்பு ஆரம்பப் பள்ளி டீச்சராக இருந்தவள், இப்போது சாயங்காலம் வீட்டில் டியூஷன் எடுக்கிறாள். எழுத்து ஏன் அப்படி இருந்தது என்று புரிந்தது.

பூட்டைக் கண்டதும் அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன்.

"அதுக்குள்ள சரி பண்ணிட்டீங்களா?"

"பழுது இருந்தாத்தானேங்க சரி பண்றதுக்கு. எப்ப தெறக்க மாட்டேங்குது? காலைலயா, சாயங்காலமா?"

"சில சமயம்."

"மழை பெய்யறப்பவா? கை ஈரமா இருக்கறப்பவா?"

"அப்படியும் சொல்ல முடியாது." அவள் சமையலறைப் பக்கம் பார்த்தாள். "காபி சாப்பிடுறீங்களா?"

பூட்டைப் பொருத்தினேன். அவளை வெளியே நிற்கவைத்து விரல் வைக்கச் சொன்னேன். திறந்தது. மூடினேன். மறுபடி வைத்தாள். திறந்தது. இப்படியே ஒரு பத்துப் பன்னிரண்டு தடவை. ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அது அடித்தது.

"ஆமா… ஆமாங்க, கம்பெனில இருந்து வந்திருக்காங்க. டெஸ்ட் பண்றாங்க. அதான் அத்தன தடவ… ஒண்ணும் இல்ல. நீங்க சாப்பிட்டீங்களா? சரி, வெக்கிறேன்."

போனை மேசைமேல் குப்புற வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு. கதவு ஏன் பன்னெண்டு தடவ தெறந்துதுன்னு கேக்கறாரு."

"எப்பவும் கூப்பிடுவாரா?"

அவள் காபி கொண்டுவந்து வைத்தாள். உட்கார்ந்தாள். சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பவள் மாதிரி டம்ளரைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரே மூச்சில் சொன்னாள்.

"குப்பை வண்டி பாட்டுப் போட்டுட்டு வரும் இல்லக்கா, நான் டப்பாவ எடுத்துட்டு வெளிய போவேன். உடனே போன் வரும். 'எங்க போன?'ன்னு கேக்க மாட்டாரு. அப்படிக் கேட்டாக்கூட நான் ஒரு வார்த்த சண்ட போடலாம். 'என்னப்பா, இன்னைக்கு வண்டி லேட்டா?'ன்னு சிரிச்சிட்டே கேப்பாரு. கறிவேப்பில வாங்கப் போனா, 'ரெண்டே நிமிஷத்துல வந்துட்டியே, கடை மூடியிருந்துச்சா?'ம்பாரு. சும்மா வாசல்ல நின்னாக்கூட, 'யாராச்சும் வந்தாங்களா?' நல்ல மனுஷன்க்கா. அதான் கஷ்டமே."

"வேணாம்னு அவர்கிட்ட சொல்லிப் பாத்தீங்களா?"

"என்னன்னு சொல்றது? மறைக்கறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. அதுக்காக எல்லாத்தையும் சொல்லிட்டே இருக்கணுமா? இத அவர்கிட்ட சொன்னா, 'நான் என்ன உன்ன சந்தேகமா படறேன்?'ன்னு மனசு ஒடஞ்சு போயிடுவாரு. அதனால பூட்டு தெறக்கலன்னு சொன்னேன். அவரே கம்ப்ளைன்ட் போட்டாரு. ஒவ்வொரு தடவயும் பூட்டு உங்ககிட்ட இருந்த பத்து நாளும் எனக்கு லீவு விட்ட மாதிரி இருந்துச்சு."

செய்தியை நிறுத்த முடியுமா என்று அவள் கேட்டாள். முடியும், ஆனால் அவர் போனில்தான் முடியும் என்றேன். உரிமையாளர் என்று ஒருவரைத்தான் எங்கள் செயலி ஏற்கும்.

"தெரியும்க்கா. இதையும் பாருங்க." தன் போனை எடுத்துக் காட்டினாள். திரையில் இருந்தது: 'வணக்கம், விருந்தாளி 1. நீங்கள் உள்ளே வரலாம்.'

"நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து பதிமூணு வருஷம் ஆகுது. தினம் இது என்ன உள்ள வரலாம்னு சொல்லுது. எம்பொண்ணு விருந்தாளி 2. இத எழுதினவங்க யாரா இருக்கும்னு நான் யோசிச்சிருக்கேன். கல்யாணம் ஆகாதவங்களா இருக்கணும்."

எழுதியது நான்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் செயலியைத் தமிழிலும் கொண்டுவருகிறோம், ஒழுங்காகத் தமிழ் எழுதத் தெரிந்தவர் யார் என்று மாடியில் இருக்கும் ஆபீசிலிருந்து கேட்டு வந்தார்கள். நான் கையைத் தூக்கினேன். நாலு மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அத்தனை வரிகளையும் எழுதிக் கொடுத்தேன். உரிமையாளர் அல்லாத எல்லோருக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான் இருந்தது. அதற்கு 'விருந்தாளி' என்று போட்டேன். 'பயனர்', 'அணுகுபவர்' என்றெல்லாம் எழுதாமல் வீட்டுச் சொல்லாகப் போட்டோமே என்று பெருமையாகக்கூட இருந்தது. அது யாருடைய போனில் போய் விழும் என்று நான் யோசிக்கவில்லை.

"நான்தான் எழுதினேன்" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். "எனக்குக் கல்யாணம் ஆகிப் பன்னெண்டு வருஷம் ஆச்சு" என்றதும் இன்னும் சிரித்தாள். கிளம்பும்போது மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நான் சொன்னத அவர்கிட்ட சொல்லிடாதீங்கக்கா."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

கம்பெனிக்குத் திரும்பியதும் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரில் ஒரு படிவம். பழுதுகளின் பட்டியல் அதிலேயே இருக்கும், ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். மோட்டார், பேட்டரி, கண்ணாடி, வயரிங், சிக்னல். எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் 'வேறு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எழுதினேன்: 'பூட்டில் பழுது இல்லை. கதவு திறக்கும்போதெல்லாம் கணவருக்குச் செய்தி போவதை மனைவி விரும்பவில்லை. அதை நிறுத்த மனைவியால் முடியவில்லை. வடிவமைப்புக் குழு கவனிக்கவும்.' மாடியில் இருப்பவர்கள் படிக்கட்டும் என்று நினைத்து, திருப்தியாகவே அனுப்பினேன்.

மறுநாள் மதியம் சூப்பர்வைசர் என் பெஞ்சுக்கு வந்தார். அவர் முகம் சரியாக இல்லை.

"நேத்து ரிப்போர்ட் போட்டியேம்மா, அது கஸ்டமருக்குப் போயிருக்கு."

"எந்த கஸ்டமருக்கு?"

"ரிஜிஸ்டர் பண்ண கஸ்டமருக்கு. அவருதானே ஓனர்? சைட் விசிட் ஃபாரம் போட்டா காப்பி தானா போயிடும். உனக்குத் தெரியாதா?"

தெரியாது. பெஞ்சில் எழுதும் அறிக்கைகள் கம்பெனிக்குள்ளேதான் இருக்கும். வீட்டுக்குப் போய்ப் பார்த்து எழுதும் படிவம் வேறு. அது வாடிக்கையாளருக்கும் ஒரு நகலை அனுப்பும். யாரிடம் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேனோ அவரிடமே, எழுத்தில், கம்பெனி முத்திரையோடு சொல்லியிருக்கிறேன். அவள் குப்பை கொட்டப் போனதைப் பூட்டு சொல்லிக்கொடுத்தது. அவள் மனதில் இருந்ததை நான் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

படிக்கட்டுப் பக்கம் போய் நின்று அவளுக்குப் போன் செய்தேன். நீண்ட நேரம் அடித்த பிறகு எடுத்தாள். பின்னால் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது.

"கேஜிஎஃப்ல, அப்பா வீட்டுல இருக்கேன்க்கா. அப்பாவுக்கு முடியல, மாசத்துல ஒரு வாரம் வந்து பாத்துப்பேன். இந்த வாரம் கொஞ்சம் முன்னாடியே வந்துட்டேன். பொண்ணு ஸ்கூல் முடிஞ்சா பக்கத்து வீட்டுல இருந்துப்பா."

"மெயில் பாத்தாரா?"

"பாத்தாரு. என்கிட்ட காட்டினாரு. ஒண்ணும் பேசல. காலைல ட்ரெயின் ஏத்திவிட வந்தாரு, அப்பவும் பேசல."

"அந்தப் படிவம் அவருக்கும் போகும்னு சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

அவள் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு கோபமே இல்லாமல் சொன்னாள்: "இந்தப் பூட்டு பேசும்னு மொதல்ல எனக்கும்தான் தெரியாதுக்கா."

அன்று முழுக்க எந்தப் பூட்டையும் சரியாகப் பார்க்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் கணவரே வந்துவிட்டார். கேட்டிலிருந்து போன் வந்தபோது ஒளிந்துகொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. போனேன். வெயிலில் பைக் ஓட்டி வந்து சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு ஆபீசில் வேலை என்று அவள் சொல்லியிருந்தாள். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"மேடம், நீங்கதான் அத எழுதினீங்களா?"

"ஆமா சார். மன்னிச்சுக்கங்க. உங்களுக்கு வரும்னு தெரியாம எழுதிட்டேன். அவங்க மேல எந்தத் தப்பும் இல்ல."

"தப்புன்னு நான் சொல்லலயே. என்கிட்ட சொல்லாத ஒண்ண, அன்னைக்குத்தான் மொதமொதல்ல பாத்த உங்ககிட்ட சொல்லியிருக்கா. அது ஏன்னு ரெண்டு நாளா யோசிக்கறேன்." தலைக்கவசத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "நான் அவள வேவு பாக்கல மேடம். ஆபீஸ்ல நாள் பூரா ஸ்க்ரீன். நடுவுல வீட்டுல இருந்து ஒண்ணு வரும். கதவு தெறந்துது. சரி, வண்டி வந்திருக்கும்னு நெனப்பேன். வீட்ட ஒரு நிமிஷம் எட்டிப் பாத்த மாதிரி இருக்கும். அவளுக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். நான் போறது வர்றது அவளுக்கும் போகுதுல்ல?"

"உங்களோடது அவங்களுக்குப் போகாது சார்."

"போகாதா?"

"உரிமையாளருக்கு மட்டும்தான் செய்தி வரும். விருந்தாளிக்கு… மத்தவங்களுக்கு வராது."

அவர் நம்பவில்லை. கூடத்துக்குள் கூட்டிக்கொண்டு போனேன். முதல் கதவில் ஒரு பூட்டு இருந்தது. சோதனைக்கு வைத்திருக்கும் இரண்டு போன்களை எடுத்தேன். அவர் விரலை உரிமையாளராகவும் என் விரலை விருந்தாளியாகவும் பதிவு செய்தேன். நான் விரல் வைத்துத் திறந்தேன். அவர் கையில் இருந்த போன் ஒலித்தது. அடுத்து அவர் வைத்தார். என் போன் பேசாமல் இருந்தது. இன்னொரு தடவை வைத்தார். மூன்றாவது தடவை வைத்துவிட்டு, என் கையில் இருந்த போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவ ஊருக்குப் போற வாரம் இருக்குல்ல, மேடம்," என்றார் மெதுவாக. "முன்னாடியெல்லாம் ஆபீஸ்ல இருந்து வீட்டுக்கு வந்ததும் அவளுக்குப் போன் பண்ணுவேன். வந்துட்டேன், பாப்பாவும் நானும் சாப்பிடப் போறோம்னு சொல்லுவேன். இந்தப் பூட்டு போட்டப்பறம் பண்றதில்ல. அதான் அதுவே சொல்லிடுமே, அவ அப்பாவோட இருக்கறப்ப எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன். ஒரு வருஷமா."

"அவங்க கேக்கலயா?"

"கேக்கல. அவளுக்குத் தெரிஞ்சிருக்கும், அதான் கேக்கலன்னு நான் நெனச்சிட்டேன்."

அந்த ஒரு வருஷம் அவள் பக்கத்திலிருந்து எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். வீட்டில் இருந்தால் ஒவ்வொரு அசைவுக்கும் போன். அப்பா வீட்டுக்குப் போய்விட்டால் வாரம் முழுக்க ஒரு போன்கூட இல்லை. அவரும் அதையேதான் எண்ணிக்கொண்டிருந்தார் போல. தலைக்கவசத்தை என் பெஞ்சிலேயே வைத்துவிட்டு வெளியே போனார். பைக் நிறுத்தும் இடத்தில் நின்று போன் பேசுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. நிறைய நேரம் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். நான் வேறு பக்கம் திரும்பி வேலையைப் பார்த்தேன்.

திரும்பி வந்து, செய்திகளை எப்படி நிறுத்துவது என்று கேட்டார். அந்த இடம் செயலிக்குள் மூன்று பக்கம் தள்ளி, 'மேம்பட்ட அமைப்புகள்' என்பதற்குள் இருந்தது. அந்தச் சொல்லும் என்னுடையதுதான். நிறுத்திவிட்டு, 'விருந்தாளி 1' என்று இருந்த இடத்தில் மனைவியின் பெயரைத் தட்டினார். அங்கே பெயர் போட முடியும் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் மாடியில் கூட்டம் போட்டார்கள். என் அறிக்கை வாடிக்கையாளருக்குப் போனதால் கம்பெனிக்கு வந்த சங்கடம்தான் கூட்டத்துக்குக் காரணம். ஆனால் வடிவமைப்பைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒருத்தி, கோயம்புத்தூர்க்காரி, என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து முழுக் கதையையும் கேட்டாள்.

"ஏன் ஒரே ஒருத்தர்தான் உரிமையாளர்?" என்று நான் கேட்டேன். "எங்க வீட்டுப் பூட்டு வாங்கினப்ப மூணு சாவி கொடுத்தாங்க. மூணும் ஒண்ணுதான். என் சாவி எங்க வீட்டுக்காரர் சாவிகிட்ட அனுமதி கேக்காது."

"கேள்வி சரிதாங்க்கா. ஆனா ரெண்டு பேரும் உரிமையாளர்னு வெச்சா, ஒருத்தர் இன்னொருத்தர நீக்கலாமா? நீக்கலாம்னா, மொதல்ல யார் பட்டன அமுக்கறாங்களோ அவங்க வீடாயிடும்."

"ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் நீக்கலாம்னு வைங்க."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அடிக்கிற புருஷன வெளிய அனுப்பிட்டுப் பூட்ட மாத்தணும்னு ஒரு பொண்ணு நெனக்கிறா. அவனும் ஒத்துக்கணும்னு பூட்டு சொல்லணுமா?"

சாவிக் காலத்தில் இந்தக் கேள்வி பூட்டு செய்பவனிடம் வரவே இல்லை. அது வீட்டுக்காரர்களின் பாடு, அக்கம்பக்கத்தார் பாடு, போலீஸ் பாடு. இப்போது அதற்கு நாங்கள் முன்கூட்டியே ஒரு பதில் எழுதி வைத்தாக வேண்டியிருக்கிறது. எழுதாமல் விட்டாலும் அதுவும் ஒரு பதில்தான். இன்றுவரை அந்தக் கேள்வி முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் யாராவது ஒருவர் அதை எடுப்பார், ஆளுக்கொன்று சொல்வோம்.

சுலபமானவை மட்டும் சீக்கிரம் நடந்தன. 'விருந்தாளி' போய் 'வீட்டார்' வந்தது. சைட் விசிட் படிவத்தின் நகல் தானாகப் போவது நின்றது. புதிதாகப் பூட்டு பொருத்தும்போது, செய்தி யாருக்குப் போக வேண்டும் என்று வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரின் போனிலும் தனித்தனியாகக் கேட்க ஆரம்பித்தது. கேட்கும் வரியை நான்தான் எழுதினேன். இந்த முறை எழுதி முடித்ததும் அவளுக்கு அனுப்பி, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தி அனுப்பினாள்.

அதோடு ஒரு கேள்வியும் கேட்டிருந்தாள். ஒரு வருஷமாகப் போன செய்தி எல்லாம் இப்போது எங்கே இருக்கிறது?

அவர் போனிலிருந்து அழித்தாலும் கம்பெனியில் இருக்கும் என்றேன். அழித்துவிடலாம், உரிமையாளர் கோரிக்கை வைக்க வேண்டும் என்று விளக்கினேன். "அழிக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவ பாக்கலாமாக்கா?" என்று கேட்டாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சுக்குப் போய் வந்த பிறகு நான் போனேன். அவர் தன் போனைத் திறந்து பட்டியலை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, மகளோடு அடுப்படிக்குப் போய்விட்டார். அவள் நாற்காலியில் காலை மடக்கிக்கொண்டு, தன்னுடைய ஒரு வருஷத்தை மேலிருந்து கீழாகப் படித்தாள்.

"இங்க பாருங்கக்கா, மூணு நாள் கதவே தெறக்கல. காலைல அவரு ஆபீஸ் போனது, பாப்பா ஸ்கூல் போனது, சாயங்காலம் ரெண்டு பேரும் வந்தது, அதோட சரி. ஜொரம் வந்து படுத்திருந்தேன்." கொஞ்சம் தள்ளி, "இது பாப்பா பர்த்டே. எத்தன தடவ தெறந்திருக்கு பாருங்க." இன்னும் தள்ளி ஒரு இடத்தில் நின்றுவிட்டாள். ஒரு மதியம் ஐந்தைந்து நிமிஷ இடைவெளியில் கதவு ஏழு தடவை உள்ளிருந்து திறந்திருந்தது.

"இது என்ன?" என்றேன்.

"தெரியல. ஞாபகமே இல்ல." புருவத்தைச் சுருக்கி யோசித்தாள். "யாருக்காகவோ காத்திருந்திருக்கேன். இல்ல மழைக்குத் துணிய எடுத்தனா? எனக்கே ஞாபகம் இல்லாதது இதுக்கு ஞாபகம் இருக்கு." அது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் படிப்பதை நிறுத்தவில்லை. கடைசிவரை படித்த பிறகு, "போதும்" என்றாள்.

அவர் வந்து எட்டிப் பார்த்தார். "நீயே அமுக்கு" என்றார். அமுக்கினாள். 'உங்கள் கோரிக்கை பெறப்பட்டது. முப்பது நாட்களுக்குள் நீக்கப்படும்' என்று வந்தது.

"முப்பது நாளா? எதுக்கு?"

"தெரியல. கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

திங்கட்கிழமை கேட்டேன். சூப்பர்வைசருக்குத் தெரியவில்லை. வடிவமைப்புக்காரிக்குத் தெரியவில்லை. ஒருவர் மற்றொருவரைக் கைகாட்ட, ஐந்தாவது ஆளாக, தகவல்களையெல்லாம் சேமித்து வைக்கும் பிரிவில் ஒரு மனிதரைப் பிடித்தேன். அவர் பழைய குறிப்புகளைத் தேடிப் பார்த்துவிட்டு, ஆரம்பத்தில் யாரோ முப்பது என்று போட்டிருக்கிறார்கள், ஏன் என்று யாரும் கேட்டதில்லை என்றார்.

"இன்னைக்கே அழிக்க முடியுமா?"

"முடியும்."

"அப்ப அழிச்சிடுங்க சார். அவங்கதான் கேட்டுட்டாங்களே."

என்னை ஒரு தடவை பார்த்தார். மறுபடி கோரிக்கையைப் படித்தார். ஏதோ தட்டினார். ஒரு வருஷம் போவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. உண்மையிலேயே போய்விட்டதா என்று இரண்டு தடவை கேட்டு, அவர் தேடிக் காட்டிய வெற்றுத் திரையைப் பார்த்த பிறகுதான் நகர்ந்தேன்.

சாயங்காலம் அவளுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்க்கா," என்றாள். பிறகு அவசரமாக, "டியூஷன் பசங்க வந்துட்டாங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.